விலாசம் அற்றவருக்கு ஒரு விலாசம்

ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களில் லயத்தில் வாழும் எம்மவர் பலருக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, கைமாறி, பிந்தியே சேரும். சிலவேளை சேராமலும் போகும். காணியை விட்டு இடம்பெயர்ந்து உறவினர் வீட்டிலும் கொட்டிலிலும் தங்கியிருக்கும் விவசாயக் குடும்பங்களின் நிலையும் இதுவே.

2014 ஒக்டோபர் 29 அன்று காலை, எமது பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. புதையுண்டோர் எத்தனை பேர் என்ற கணக்கு முதல் நாட்களில் மாறிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. யார் எங்கே வாழ்ந்தோம், எதைப் பயிரிட்டோம் என்பதை நாமே எழுதி வைக்காவிடில், பிறர் கண்ணுக்கு நாம் வெறும் எண்ணிக்கையே.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஓர் இணையத்தளத்தை ஒன்றுகூடி அமைக்க வேண்டும் என்கிறோம். "வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, இதில் இணையத்தளமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இது படித்தவருக்கு மட்டும் உரிய காரியமல்ல. மகாவலித் திட்டத்தால் பல குடும்பங்கள் நிலமிழந்த கொத்மலையில், 1990களின் இறுதியிலேயே சமுதாய வானொலி யுனெஸ்கோவின் உதவியுடன் இணையத்தைக் கிராமத்திற்குக் கொண்டுவந்தது. நேயர்கள் கேட்டவற்றுக்கு இணையத்தில் விடை தேடி, அவர்களுக்குப் புரியும் மொழியில் வானொலியிற் சொன்னார்கள். அன்று ஒரு நிலையம் செய்ததை இன்று ஒரு வீடு செய்யலாம்.

கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் போன்றவற்றில் இலவசமாகத் தொடங்கலாம். கணினி மொழி தெரிய வேண்டியதில்லை. மாதிரி ஒன்றைத் தெரிந்து, தலைப்பையும் எழுத்தையும் படத்தையும் இட்டால் போதும். முன்பு எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் உருக்குலைந்து தெரியும். யூனிகோட் பரவியபின் அந்தத் தொல்லை பெரிதும் நீங்கியது. தரவுக்குப் பணம் செல்லும் என்பதால் முதலில் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொள்வது நல்லது.

நான்கு பக்கங்கள் போதும்: நாம் யார், எங்கிருந்து வந்தோம், எமது நிலமும் பயிரும், இன்று எமக்குத் தெரிந்த தொழில். அம்மாயி சொல்லட்டும், பிள்ளை தட்டச்சிடட்டும், அப்பா ஊர்ப்பெயர்களைத் திருத்தட்டும், எதை வெளியே சொல்லலாம் என்பதை அம்மா தீர்மானிக்கட்டும். பிள்ளை தனியாகச் செய்தால் அது விளையாட்டாகப் போகும். வெளியார் செய்து தந்தால் அது அவர்களின் அறிக்கையாகும். கூடிச் செய்தால்தான் அது குடும்பத்தின் சொத்து. விதைநெல்லைக் காத்த விதத்தையும் வாய்க்காலுக்கு முறை வைத்த விதத்தையும் பிள்ளைகள் அறிவதற்கு இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. அடையாள அட்டை இலக்கம், காணி உறுதியின் படம், பெண்பிள்ளைகளின் படம், இப்போது தங்கியிருக்கும் இடம் ஆகியவற்றை எல்லோரும் பார்க்க வைக்கக்கூடாது. கூகுள் சைட்ஸில் நாம் குறித்தவர் மட்டும் பார்க்கும்படி விடவும் வழியுண்டு. கணக்கு பெரியவர் ஒருவரின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல்லை வீட்டில் இருவர் அறிந்திருக்கட்டும்.

இன்னொன்று: இலவச இடம் நிரந்தரமானதல்ல. 1994 இல் தொடங்கி இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை அமைத்த ஜியோசிட்டீஸை, யாஹூ நிறுவனம் 2009 இல், ஜப்பான் நீங்கலாக, மூடிவிட்டது. பிரதி வைத்திராத பலர் எழுதியதை இழந்தனர். இரவல் நிலத்தில் பயிரிட்டவருக்கு இது புதிதல்லவே! கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். படங்களின் பிரதியை உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

இணையத்தளம் காணி உறுதியாகாது. இழந்த நிலத்தை அது மீட்டுத் தராது. அதற்கான கோரிக்கையை நாம் கைவிடவும் கூடாது. ஆனால் கேட்கப் போகும் நாளில் எமது கதையை எமது சொல்லிலேயே எடுத்து வைக்க அது உதவும். வரும் ஞாயிறு மாலை ஒரு கொப்பியுடன் குடும்பமாக அமருங்கள். முதல் வரியாக உங்கள் ஊரின் பெயரை எழுதுங்கள்.