அப்பாவின் எழுத்துக்கு வாடகை எதற்கு?

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை அப்பா போன் எடுத்தார். "பிள்ளை, நான் எழுதினது ஒண்டையும் திருத்த ஏலாமக் கிடக்கு. எல்லாம் அழிஞ்சு போச்சோ?"

எனக்கும் பக்கென்றது. மூன்று வருஷமாக அவர் தன் ஊர்க் கதையை எழுதி வருகிறார். கோயில், குளம், யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று 140 பக்கம். எல்லாம் ஸ்கார்பரோவில் பிறந்த என் பிள்ளைகளுக்காக.

ஒன்றும் அழியவில்லை. பிழை என்னுடையது. அவர் கணினியில் நான் போட்டுக்கொடுத்தது ஆண்டுச் சந்தா கட்டுகிற மென்பொருள். என் கார்ட் மாறியது, சந்தா நின்றுவிட்டது. கோப்பைத் திறந்து வாசிக்கலாம், அச்செடுக்கலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

அன்றைக்கே லிப்ரே ஆபீஸை இறக்கிப் போட்டேன். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, முற்றிலும் இலவசம். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். மெனுவைத் தமிழிலும் வைக்கலாம். கோப்பு திறந்தது. இரண்டு படங்கள் மட்டும் இடம் மாறி நின்றன.

ஒரு பிரதி இருக்கட்டும் என்று என் மடிக்கணினியிலும் திறந்தேன். முதல் மூன்று அத்தியாயமும் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தன! அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில், காசு கட்டிய மென்பொருளும் அதைத் தமிழாகக் காட்டாது. மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கினோம். பிறகு அப்பா ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார்.

அப்போ காசு கட்டுவது வீணா? இல்லை. மைக்ரோசாஃப்ட் 365 குடும்பச் சந்தாவில் ஆறு பேர் வரை சேரலாம், ஆளுக்கு ஒரு டெராபைட் இணையச் சேமிப்பு. படங்களை அங்கே வைக்கிற குடும்பத்துக்கு அது பெறுமதிதான். என் கணவரின் கணக்கு எக்செல் மேக்ரோக்களில் ஓடுகிறது. லிப்ரேயில் சில மேக்ரோக்கள் அப்படியே ஓடாது. அவருக்கு மட்டும் சந்தாவைப் புதுப்பித்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தந்த கணக்கே போதும். நீங்களும் வாங்க முன்னம் பள்ளியில் கேளுங்கோ. அது இல்லாவிட்டாலும் கூகுள் டாக்ஸ் இருக்கு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம்.

கடிதமும் கதையும் எழுதுகிற அப்பா அம்மாவுக்கு இலவசமே தாராளம். வெளியே அனுப்பும்போது மட்டும் வேர்ட் வடிவத்தில் சேமிக்கச் சொல்லுங்கோ.

இந்த வார இறுதியில் அவர்கள் கணினியை ஒருக்கால் திறந்து பாருங்கோ. தமிழ் எந்த எழுத்துருவில் இருக்கு? சந்தா யாருடைய கார்ட்டில் போகுது? யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்து உங்களிடம் வையுங்கோ.

நேற்று அப்பா திரும்ப எடுத்தார். "பிள்ளை, குளத்தடி வரைக்கும் வந்திட்டன். இனிப் பள்ளிக்கூடம்."