மனசு வைத்தால் மட்டும் போதுமா?



பார்க்கின்சன் நோயாளிகளின் வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரு வருத்தம் அடிக்கடி கண்ணில் படுகிறது: “அப்பா மனசு வைத்தால் நடக்கலாம், முயற்சியே எடுக்க மாட்டேன் என்கிறார்.” அன்பும் ஆதங்கமும் கலந்த பேச்சு அது. ஆனாலும் இந்த முறை அந்த அப்பாவின் பக்கம் நின்று பேச விரும்புகிறேன்.

அவர் சட்டைப் பொத்தான் போடுவதைக் கவனியுங்கள். விரல் பொத்தானைப் பிடித்துவிட்டது, காஜாவும் எதிரிலேயே இருக்கிறது. உள்ளே நுழைக்கும் அந்தச் சின்னத் திருப்பம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. தசையில் பலம் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்ததால், அசைவைத் தொடங்கி வைக்கும் நரம்புச் சுற்று தடுமாறுகிறது.

சரி, கையை அசைக்க வேண்டாம், அசைப்பதாக மனதுக்குள் நினைத்தால் போதும் என்றால்? பிரான்சில் டொமினி, டெசெட்டி, ஜன்னெரோ உள்ளிட்டோர் இதைச் சோதித்து 1995-ல் வெளியிட்டார்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டவர்களிடம் விரல்களை வரிசையாக அசைக்கச் சொன்னார்கள். பிறகு அதையே கற்பனையில் செய்யச் சொன்னார்கள். நிஜத்தில் மந்தமாக இருந்த கை கற்பனையிலும் மந்தமாகவே இருந்தது. மற்றக் கைக்கு அவ்வளவு தாமதம் இல்லை. படித்தபோது மனம் கனத்துப்போனது. “மனசு வை” என்று நாம் சொல்கிறோமே, அந்த மனசுக்குள்ளேயே நோய் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் கதவு முழுக்க அடைபட்டுவிடவில்லை. 1987-ல் கிரனோபிள் நகரில் மூளை அறுவைச் சிகிச்சையின்போது நொடிக்கு நூறு துடிப்பளவில் மின்சாரம் செலுத்தினால் நடுக்கம் நிற்பதை மருத்துவர் அலிம் லூயி பெனபிட் கண்டார். ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை வளர்ந்தது அங்கிருந்துதான். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல் தடிமனுள்ள கம்பி மூளைக்குள் போகும். பேட்டரி நெஞ்சுத் தோலுக்கடியில் இருக்கும். சில மருத்துவமனைகளில், பேட்டரியோடு இணைக்கும் முன் சில நாட்கள் கம்பியின் நுனியை வெளியே விட்டுவைப்பார்கள். மூளையின் ஆழத்தில் நடப்பதை நேரடியாகப் பதிவுசெய்ய ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு அது.

அங்கே ‘பீட்டா’ என்ற அலை நொடிக்கு 13 முதல் 30 முறை துடிக்கிறது. பார்க்கின்சனில் அது வரம்பு மீறி ஓங்கியிருக்கும், அசைவு தொடங்கும்போது தணியும். ஆந்த்ரேயா கியூன் குழுவினர் 2006-ல் காட்டியது இதுதான்: கையை அசைப்பதாக நினைத்தாலே அந்த அலை தணிகிறது. கை அசையாமல் கிடக்கிறது, உள்ளே அசைவுக்கான ஏற்பாடு நடக்கிறது! இந்த அலையைக் கேட்டபடியே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2025-ல் அமெரிக்கா அனுமதி தந்திருக்கிறது.

அப்படியானால் கற்பனைப் பயிற்சியே மருந்தாகுமா? 2007-ல் இஸ்ரேலில் நடந்த ஆய்வில், உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தவர்களின் மந்தம் குறைந்தது. 2011-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்விலோ, உடம்பைத் தளர்த்தும் பயிற்சியைவிடப் பெரிய பலன் தெரியவில்லை. மாத்திரைக்கு மாற்றாக இதை யாரும் எண்ண வேண்டாம். நடைப்பயிற்சிக்குத் துணையாகச் செய்து பார்க்கலாம் என்பது என் எண்ணம். அதையும் உங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். அப்பா எழுந்து நிற்கச் சற்று நேரமானால் அவசரப்படுத்தாதீர்கள். செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள், பலன் இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்