எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்

2014 ஆகஸ்ட் 9. அமெரிக்காவின் பெர்குசன் நகரில், 18 வயது கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுன் நண்பருடன் தெருவின் நடுவே நடந்து போனார். நடைபாதைக்குப் போகச் சொல்லிக் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். சில நிமிடங்களில் பிரவுன் அந்தக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த ஊரில் அப்போது 'சாலையில் நடக்கும் விதம்' என்றே ஒரு குற்றம் இருந்தது. அமெரிக்க நீதித்துறை 2015-இல் கணக்கெடுத்துப் பார்த்தது. ஊரில் கறுப்பர்கள் 67 சதவீதம். ஆனால் 2011 முதல் 2013 வரை இந்தப் பிரிவில் பதிவான வழக்குகளில் 95 சதவீதம் அவர்கள் மீதுதான். புளோரிடாவின் டாம்பா நகரிலும் இதே கதை. மக்கள்தொகையில் 26 சதவீதமான கறுப்பர்கள், போலீஸ் நிறுத்திய சைக்கிள்காரர்களில் 73 சதவீதம். இப்படி நிறுத்தியதால் சைக்கிள் விபத்தும் குறையவில்லை, திருட்டும் குறையவில்லை என்று 2016-இல் நீதித்துறை அறிக்கையே ஒப்புக்கொண்டது.

இது போலீஸோடு முடிகிற விஷயம் இல்லை. செயின்ட் பால் நகரின் ராண்டோ, மயாமியின் ஓவர்டவுன் போன்ற கறுப்பர் குடியிருப்புகளைப் பிளந்துகொண்டுதான் பெரிய நெடுஞ்சாலைகள் போடப்பட்டன. நடைபாதையும் விளக்கும் இல்லாத, வண்டிகள் பறக்கும் சாலைகளை அவர்கள் தினமும் கடக்க வேண்டியிருக்கிறது. நடந்து போகும்போது வண்டி மோதி இறப்பவர்களில் கறுப்பர்களின் விகிதம் வெள்ளையர்களைவிட அதிகம். சாலையைக் கடந்தால் உயிருக்கு ஆபத்து, சாலையில் நடந்தால் வழக்கு.

இவ்வளவும் வெளியே வந்ததற்கு ஒரே காரணம், அங்கே இனவாரியாகக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் மக்கள் போராடினார்கள். மோதும் ஆபத்து உடனடியாக இல்லாதபோது சாலையைக் கடந்தவருக்கு அபராதம் போடக்கூடாது என்ற சட்டம் 2023 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் நடைமுறையில் உள்ளது. நியூயார்க் நகரம் 2024-இல் அந்தக் குற்றத்தையே நீக்கியது.

தெருவில் நடக்கும் உரிமைக்கான போராட்டம் நமக்குப் புதிதல்ல. 1924-இல் வைக்கம் போராட்டம் நடந்ததே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகத்தான். தலித் ஒருவர் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதையோ செருப்பு அணிவதையோ தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் வெளிப்படையாக எழுதியது. அப்படி எழுத வேண்டிய நிலை இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

சட்டம் நம்மிடம் இருக்கிறது, கணக்கு இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். வயது உண்டு, ஆணா பெண்ணா என்பது உண்டு, எந்த வண்டி என்பதும் உண்டு. எத்தனை பேர் காலனிவாசிகள் என்பது மட்டும் அந்த அரசு அறிக்கையில் இல்லை. ஊர் ஒரு பக்கமும் காலனி மறுபக்கமுமாக நடுவில் நான்குவழிச் சாலை ஓடும் இடங்களில், பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் சாலையைக் கடப்பவர் யார் என்பது நமக்குத் தெரியும். அரசின் ஏட்டில்தான் அது ஏறவில்லை.

விபத்துப் பதிவேட்டில் பட்டியல் சாதியினர் விவரத்தையும் சேர்க்க வேண்டும் என்று அரசிடம் கேட்போம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நம் காலனி முகப்பில் ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் அடிபட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று படிக்கும் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டை வைத்து விளக்கும் வேகத்தடையும் கடக்கும் பாதையும் கேட்டுத் தீர்மானம் போடுவோம்.