சிலோன் பாப்: தொகுப்புகளில் தொலையும் பெயர்கள்

ஒரு பாடகரின் புகழ்பெற்ற பாடல்களை மட்டும் திரட்டி ஒரே தொகுப்பாக வெளியிடுவது இசைச் சந்தையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இசைத்தட்டில் தொடங்கிய அந்த வழக்கம் ஒலிநாடாவுக்கும் குறுந்தகட்டுக்கும் இடம்மாறி, இன்று யூடியூபில் ஒரு மணி நேரக் காணொளியாகவும் ஸ்பாட்டிஃபையில் பாடல் பட்டியலாகவும் நீடிக்கிறது. கேட்பவருக்கு அது வசதி; விற்பவருக்கு அதிகச் செலவில்லாத வருமானம். ஆனால், ஒரு பாடகர் எவ்வாறு நினைவுகூரப்பட வேண்டும் என்பதையும் பல நேரங்களில் அந்தத் தொகுப்பே தீர்மானித்துவிடுகிறது. ‘சிலோன் மனோகர் ஹிட்ஸ்’, ‘சிலோன் பாப் பாடல்கள்’ என்கிற பெயர்களில் உலவும் தொகுப்புகளைக் கேட்கும்போது, அவற்றில் எஞ்சியிருப்பது என்ன, தொலைந்துபோனது என்ன என்கிற கேள்வி எனக்கு எழுவதுண்டு.

அண்மையில் ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில், அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்கப் படகுக்காகக் காத்திருந்தவர்களிடையே அப்படியொரு தொகுப்பு ஒலித்துக்கொண்டிருந்தது. முதலில் ‘சுராங்கனி’; அடுத்து ‘சின்ன மாமியே’. கைப்பேசித் திரையில் இரண்டு பாடல்களுக்கும் ஒரே படம், ஒரே பெயர். முதல் பாடலைத் தமிழர்களிடையே புகழ்பெறச் செய்தவர் சிலோன் மனோகர் என்று அழைக்கப்பட்ட ஏ.ஈ.மனோகரன். இரண்டாவது பாடலால் புகழ்பெற்றவரோ நித்தி கனகரத்தினம். சுற்றியிருந்த எவரும் அந்தப் பெயரை அறிந்திருக்கவில்லை. அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

கடல் கடந்த ஒலி

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், பாக் விரிகுடாவின் கரையில் இருக்கிறது காரங்காடு. இங்கிருந்து கிழக்கே கடலைக் கடந்தால் யாழ்ப்பாணம். மத்திய அலை வானொலி, நிலத்தைவிட உப்புநீரின் மேல் குறைந்த இழப்புடன் அதிகத் தொலைவு செல்லக்கூடியது. எனவே, இந்தக் கரையில் பல வீடுகளுக்குச் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலியே நெருக்கமாக இருந்தது.

அந்த நெருக்கத்துக்கு ஓர் அரசியல் காரணமும் உண்டு. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமல் செய்தார். 1957இல் விவித் பாரதி தொடங்கப்படும்வரை அந்த வெற்றிடத்தை நிரப்பியது ரேடியோ சிலோன். பிற்காலத்தில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் தமிழகத்திலும் நட்சத்திரங்களைப் போலக் கொண்டாடப்பட்டார்கள். படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என அனைத்தையும் தெளிவாகச் சொல்லிவிட்டே பாடலை ஒலிக்கவிடுவது அவர்களின் மரபு. ஒரு தலைமுறைக்கு இசை சார்ந்த நினைவாற்றலை வளர்த்தது அந்த மரபே.

இலங்கையில் ‘பொப்பிசை’ என்றும் தமிழகத்தில் ‘சிலோன் பாப்’ என்றும் வழங்கப்பட்ட பாடல்கள் இந்த அலைவரிசைகளின் துணையோடுதான் பரவின. அவற்றின் வேரில் இருப்பது பைலா. ஆடுவதைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். இலங்கைக் கரையோரத்தில் போர்த்துக்கீசிய, ஆப்பிரிக்கத் தாளங்கள் கலந்து உருவான அந்த ஆட்ட இசையைச் சிங்களத்தில் வாலி பஸ்தியன்ஸ், எம்.எஸ்.பெர்னாண்டோ ஆகியோர் வெகுமக்கள் இசையாக்கினார்கள். கித்தாரும் கொங்கோவும் கொண்டு, 1960களின் பிற்பகுதியில் தமிழ் இளைஞர்களும் பாடத் தொடங்கினார்கள். நித்தி கனகரத்தினம், திருகோணமலையைச் சேர்ந்த பரமேஷ் – கோணேஷ் சகோதரர்கள், ஏ.ஈ.மனோகரன், அமுதன் அண்ணாமலை, எஸ்.இராமச்சந்திரன் எனப் பலர் அந்த அலையில் எழுந்தவர்கள்.

இதற்குச் சூழலும் துணைசெய்தது. 1970களில் தென்னிந்தியத் திரைப்படங்களும் இதழ்களும் இறக்குமதியாவதை இலங்கை அரசு கட்டுப்படுத்தியது. உள்ளூர் நாவலுக்கும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் அது ஒரு வாய்ப்பைத் திறந்துவிட்டது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் படமானபோது, அதில் நடித்தவர்களுள் மனோகரனும் ஒருவர். கடலோர மீனவர் வாழ்வைச் சொல்லும் கதை அது. ஈழத்துப் பொப்பிசையும் இதே காலத்தின் விளைவுதான். தமிழ்த் திரையிசையின் நிழலிலிருந்து விலகி, யாழ்ப்பாணப் பேச்சு மொழியில், அன்றாட வாழ்க்கையின் கேலியையும் கவலையையும் பாடிய இசை அது.

ஒரு பாட்டுக்குள் சுருங்கிய காலம்

தமிழகத்தில் அந்த இசை வரவேற்கப்பட்ட விதம் விசித்திரமானது. ‘சுராங்கனி’ 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவனின் குரலில் திரைப்பாடலாகவும் ஆனது. பின்னர் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளிலும் திருமண மேடைகளிலும் மெல்லிசைக் குழுக்களின் கடைசிப் பாடலாகவும் ஒலித்தது. அதைப் பாடாத கல்லூரி விடுதி இருந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆயினும், விமர்சகர்களிடம் அதற்கு மதிப்பு கிட்டவில்லை. கர்னாடக இசையின் தூய்மைக்கும் திரையிசையின் பிரம்மாண்டத்துக்கும் நடுவே, இது வெறும் துள்ளல் பாட்டாகவே பார்க்கப்பட்டது.

மனோகரன் பின்னாளில் தமிழகத்துக்குப் பெயர்ந்து, பல மொழிப் படங்களில் பெரும்பாலும் வில்லன் வேடங்களில் நடித்தார். 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமானபோது வெளியான அஞ்சலிக் குறிப்புகள் பெரும்பாலும் ‘சுராங்கனி’ என்கிற ஒற்றைச் சொல்லையே சுற்றிவந்தன. அரை நூற்றாண்டு மேடை வாழ்க்கை ஒரு பாட்டில் அடங்கிவிட்டது. அவரோடு பாடியவர்களுக்கோ அந்த ஒரு பாட்டின் வெளிச்சமும் கிடைக்கவில்லை.

தொகுப்புகள் இவ்வாறு சுருக்குவது உலகெங்கும் நடப்பதுதான். பாப் மார்லி மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1984இல் ‘லெஜண்ட்’ என்ற தொகுப்பு வெளியானது. ரெகே இசையில் மிக அதிகமாக விற்பனையான தொகுப்பு அது. ஆனால், அவரது கோபமான அரசியல் பாடல்களைப் பெரிதும் ஒதுக்கிவிட்டுக் காதலையும் சமாதானத்தையும் பேசும் பாடல்களையே அது முன்னிறுத்தியது என்கிற விமர்சனம் இன்றும் ஓயவில்லை. உலகில் பலர் அறிந்த மார்லி, அந்தத் தொகுப்பு உருவாக்கிய மார்லிதான். மறுபுறம், 1992இல் வந்த ‘அபா கோல்டு’ தொகுப்பு, கலைந்துபோயிருந்த ஓர் இசைக் குழுவைப் புதிய தலைமுறைக்கு மீட்டுக் கொடுத்தது. ஆக, தொகுப்பு என்பது தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல. யார், எந்தக் கவனத்தோடு தொகுக்கிறார்கள் என்பதே முக்கியம்.

சிலோன் பாப் தொகுப்புகளில் அந்தக் கவனம் அரிதாகவே தென்படுகிறது. ஆட்டத்துக்கு ஏற்ற பாடல்கள் மட்டும் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. கள்ளுக்கடைப் பக்கம் போக வேண்டாம் என்று எச்சரிக்கும் நித்தி கனகரத்தினத்தின் பாடல்கூட, குடித்துவிட்டு ஆடுவோரின் கொண்டாட்டப் பாடலாக ஒலிப்பதைக் காண்கிறோம். பாடலின் பொருளும் பிறந்த ஊரும் பாடியவரின் பெயரும் உதிர்ந்து, தாளம் மட்டுமே மிஞ்சுகிறது.

‘ஒரு பாட்டு யாருடையது என்பது மறந்துபோய், எல்லோருடையதாகவும் ஆகிவிடுவதுதானே அதன் வெற்றி?’ என்று ஒருவர் கேட்கலாம். நாட்டார் பாடல்களுக்கு அது பொருந்தும். ஆனால், இவை பெயரும் முகமும் கொண்ட கலைஞர்கள் நம் காலத்திலேயே எழுதி, மெட்டமைத்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும் 1983 ஜூலை வன்முறையையும் அதன் பின்னான போரையும் இடப்பெயர்வையும் கண்ட சமூகம் அது. கைவிடப்பட்ட வீடுகளோடு இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் அழிந்தன. அத்தகைய சமூகத்தின் கலைஞரைப் ‘பெயரறியாதவர்’ ஆக்குவதை நாட்டார் மரபின் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது.

பெயர் இல்லையேல் பணமும் இல்லை

இது நினைவு சார்ந்த சிக்கல் மட்டுமல்ல; வருவாய் சார்ந்ததும்கூட. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டி பங்கை அவர்களே நினைத்தாலும் நிறுவனங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாத உரிமையாக்கியது. பாடகர்களுக்கும் ராயல்டி பெறும் வழியை அது திறந்தது. ஆனால், இந்த உரிமைகள் செயல்பட வேண்டுமானால், எந்தப் பதிவு யாருடையது என்கிற விவரம் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். இணையத்தில் பணம் அந்த விவரத்தைப் பின்தொடர்ந்தே செல்கிறது. பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்துத் தவறான பெயரில் பதிவேற்றப்பட்ட பாடலின் விளம்பர வருவாய், அதைப் பாடியவரின் குடும்பத்தைச் சென்றடைய வழியே இல்லை.

இசைத் தளங்களின் கணக்கிடும் முறையும் புகழ்பெற்ற பாடல்களுக்கே சாதகமானது. சந்தா, விளம்பரம் ஆகியவற்றால் வரும் தொகையை மொத்தமாகத் திரட்டி, கேட்கப்பட்ட எண்ணிக்கையின் விகிதத்தில் பிரிப்பதே பெரும்பாலான தளங்களின் நடைமுறை. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது என்று 2024 முதல் ஸ்பாட்டிஃபை விதி வகுத்திருக்கிறது. தொகுப்பில் இடம்பெறும் பாட்டு மேலும் கேட்கப்படுகிறது; இடம்பெறாதது காதில் விழும் வாய்ப்பையும் சிறு வருவாயையும் சேர்த்தே இழக்கிறது.

அதிகாரம் உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தில் தன் பாடல் பயன்படுத்தப்பட்டதற்காக இளையராஜா வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்ப முடிந்தது. அதே ஆண்டில் ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்த ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். செய்ய மனமிருந்தால் முறையாகச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. மாறாக, 2021இல் உலகெங்கும் கேட்கப்பட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலால் தங்களுக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். அப்பாடலை எழுதிப் பாடிய அறிவின் பெயரும் படமும் உரிய இடங்களில் விடுபட்டதாக முன்னரே சர்ச்சை எழுந்ததும் நினைவிருக்கலாம். இலங்கைத் தோட்டங்களில் உழைத்த முன்னோரின் நினைவிலிருந்து பிறந்த பாட்டு அது. இன்றைய கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், அரை நூற்றாண்டுக்கு முன்பு யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பாடியவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

பெயர் தெரியாத பதிவேற்றுநர்களைக் குற்றவாளிகளாக்குவது தீர்வல்ல. ஆவணக் காப்பகங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை, தங்கள் வீட்டுப் பழைய ஒலிநாடாக்களை வைத்துச் செய்தவர்கள் அவர்கள். அந்தக் காணொளிகளும் இல்லையென்றால் சில பாடல்கள் முற்றாக மறைந்திருக்கும். தேவைப்படுவது தடை அல்ல, திருத்தம்.

முதலாவதாக, ஈழத்துப் பொப்பிசைக்கு முழுமையான இசைத்தட்டு அட்டவணை ஒன்று உருவாக வேண்டும். எந்த ஆண்டு, எந்த நிறுவனம், பாடியவர், எழுதியவர், வாத்தியம் இசைத்தவர்கள் என்கிற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். ஈழத்து அச்சு நூல்களை எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் இணையத்தளம், சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவை இணைந்தால் இது எளிதில் கைகூடும். அன்றைய கலைஞர்களுள் எஞ்சியிருப்போர் முதுமையில், பல நாடுகளில் சிதறி வாழ்கிறார்கள். அவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்வதற்கான காலம் குறைவு.

இரண்டாவதாக, சட்டம் தரும் கால அளவையும் கவனிக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் மீதான காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960களின் இறுதியில் வெளியான பதிவுகளுக்கு அந்தக் காலம் விரைவில் முடிவடையும். அதன்பின் அவற்றை எவரும் வெளியிடலாம் என்ற நிலை வரும்போது, பெயர்கள் சரியாக இருந்தால் அது மீட்பாகும். இல்லையென்றால் குழப்பம் நிரந்தரமாகும்.

மூன்றாவதாக, பண்பலை வானொலிகளும் இணையத் தளங்களும் மேடைக் குழுக்களும் பாடலுக்கு முன் படைத்தவர் பெயரைச் சொல்லும் பழைய மரபுக்குத் திரும்பலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. சில விநாடிகள் போதும்.

1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக்கோட்டை வரைந்த அதே காலத்தில்தான் இப்பாடல்கள் கடலைக் கடந்து வந்தன. இன்று அந்தக் கடலைப் பற்றிய செய்திகள் கைதும் படகுப் பறிமுதலுமாகவே வருகின்றன. இரு கரைகளும் ஒன்றையொன்று மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்த காலத்துக்கு எஞ்சியிருக்கும் சில சான்றுகளுள் பொப்பிசையும் ஒன்று. அடுத்த ‘சிலோன் பாப்’ தொகுப்பை வெளியிடுபவர்கள், ஒவ்வொரு பாட்டின் கீழும் பாடியவர் பெயரையாவது சரியாக எழுதட்டும். மற்ற கடன்களைத் தீர்ப்பதற்கு அதுவே முதல் படி.