வைரஸ் இல்லை, தூசிதான்!



பெருநாள் நெருங்குகிறது. வீடு முழுக்கக் கழுவித் துடைக்கிறோம். கர்ட்டனைக் கழற்றுகிறோம், அலுமாரிக்குப் பின்னால் உள்ள ஒட்டறையையும் விடுவதில்லை. அதே கையோடு, அதே ஈரத்துணியால், ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற அதே ஸ்பிரேயால் பிள்ளையின் லெப்டொப்பையும் துடைத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் "அதுல கை வைக்காத, பழுதாகிரும்" என்று நாலைந்து வருடம் தொடாமலே வைத்திருக்கிறோம். இரண்டும் பிழை. இரண்டாலும் நட்டப்படுவது பிள்ளைகள்தான்.

எங்கள் உயர்தர மாணவி ஒருத்தியின் லெப்டொப் படித்துக்கொண்டிருக்கும்போதே சூடாகி நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: "வைரஸ்". வாப்பா கடைக்குக் கொண்டு போனார், ஃபோமட் பண்ணிக் கொடுத்தார்கள். இரண்டு வருடமாகச் சேர்த்த குறிப்புகளும் பாஸ் பேப்பர்களும் அத்தோடு போயின. மூன்றாம் நாள் லெப்டொப் மறுபடியும் நின்றது. பின்பு அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், சூட்டை வெளியேற்றும் வழியை அடைத்துக்கொண்டு கம்பளித் துண்டு போலத் தூசி. அழுதுகொண்டே அந்தப் பிள்ளை கேட்டது: "சேர், இதுக்கா என்ட நோட்ஸ் எல்லாம் போச்சு?"

கடைக்காரரை மட்டும் ஏசி என்ன பயன்? கடைக்குப் போக முன்பே "வைரஸ்" என்று தீர்ப்புச் சொன்னவர்கள் நாம்தான். உள்ளே சூடு கூடினால் லெப்டொப் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் நின்றுவிடும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் பாவித்தால் கீழே உள்ள காற்றுத் துளைகள் மூடிப்போகும். ஃபோமட் பண்ணினால் தூசி போகாது.

"எங்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்று சொல்லாதீர்கள். தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போடத் தெரிந்த உம்மாமார் நிறைந்த ஊர் இது. மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றித் துடைக்கிற வாப்பாமாருக்கு இது பெரிய வித்தையா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. முதலில் முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மூடியை மூடினால் லெப்டொப் தூங்கும், அணையாது. முழுதாக ஷட் டவுன் பண்ணி, சார்ஜரையும் மற்ற வயர்களையும் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பெட்டரி என்றால் அதையும் கழற்றுங்கள்.

2. எதையும் நேரே லெப்டொப்பில் அடிக்க வேண்டாம். துணியில் எடுத்துத்தான் துடைக்க வேண்டும். திரைக்கு, மூக்குக்கண்ணாடி துடைக்கிற மாதிரியான மென்மையான துணியில் சுத்தமான தண்ணீர் இலேசாக, பிழிந்தாலும் சொட்டாத அளவுக்கு. அமோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரே திரையின் மேல்பூச்சைப் பழுதாக்கும். ப்ளீச் எங்கேயும் வேண்டாம்.

3. கீபோர்டைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டி, மென்மையான பிரஷால் தூசை எடுங்கள். அழுக்கிருந்தால் 70 வீத ஐசோபுரோப்பில் அல்ககோலைத் துணியில் சிறிதளவு தொட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒன் பண்ண வேண்டும்.

4. காற்றுத் துளைகளைக் காய்ந்த பிரஷால் துடையுங்கள். காற்று டின் இருந்தால் நிமிர்த்திப் பிடித்து, விட்டுவிட்டு அடியுங்கள். வீட்டு வக்கியூம் கிளீனரும் ஹெயார் டிரையரும் வேண்டாம். அப்படியும் சூடு குறையாவிட்டால், தெரிந்த ஒருவரிடம் கொடுத்து "உள்ளே தூசியை எடுங்கள், ஃபோமட் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

5. டச்பேட் மேலே எழும்பினால், மூடி சரியாக மூடாவிட்டால் பெட்டரி வீங்கியிருக்கலாம். அழுத்த வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், குத்தவே வேண்டாம். தீப்பிடிக்கும். துடைப்பதை விட்டுவிட்டு உடனே தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

6. தேத்தண்ணீர் கொட்டினால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்து வையுங்கள். "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஒன் பண்ணாதீர்கள். அரிசி வாளிக்குள் புதைப்பதாலும் பயனில்லை. உள்ளே ஒட்டிய சீனியை அரிசி எடுக்காது.

"பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்றும் சிலர் கேட்கிறார்கள். படிக்கிறது அவள், லெப்டொப் அவளுடையது, நோட்ஸ் போனால் அழுவதும் அவள். பிரஷை மட்டும் நானா வரும்வரை பிடிக்கக்கூடாதா?

2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா வரை போனதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு லெப்டொப் வாங்குவது எத்தனை குடும்பங்களுக்கு முடியும்? சீட்டுப் போட்டும் நகை அடகு வைத்தும் வாங்கிய பொருளைத் தூசிக்குப் பறிகொடுப்பது வீண்விரயம் இல்லையா?

ஆசிரியர்களாகிய நாமும் தப்ப முடியாது. கணினி அறையைப் பூட்டி, மெஷின்களைப் பொலித்தீனால் மூடி வைப்பதைப் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பரீட்சைக்குக் கணினியின் பாகங்களை எழுதப் பழக்கிய நாம், ஒரு பிள்ளையின் கையில் பிரஷைக் கொடுத்தோமா?

சுத்தத்தை ஈமானோடு சேர்த்துப் பேசுகிற சமூகம் நாம். இந்தப் பெருநாள் துப்புரவில் லெப்டொப்புக்கும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். நீங்கள் செய்து கொடுக்காமல், பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி அவர் கையால் செய்ய வையுங்கள்.