ஃபயர் இன்சூரன்ஸ் இருக்கு, ஆனா எந்த ஃபயர்?



"சார், ஃபயர் பாலிசி இருக்கு. எரிஞ்சா பணம் வந்துடும்ல?" கள்ளக்குறிச்சியில் கணக்கு பார்க்கப் போற கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எரிஞ்சுது, பொசுங்குச்சு, கருகிப் போச்சு: நமக்கு எல்லாம் ஒரே நஷ்டம்தான். பாலிசியின் இங்கிலீஷுக்கு அப்படி இல்லை.

2019-ல் நடந்தது. சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம் வாங்கி விற்கும் என் கிளையன்ட் ஒருவர், சரியாகக் காயாத மூட்டைகளை அடுக்கிவிட்டார். உள்ளே புழுங்கி, சூடேறி, புகைஞ்சு, நடு அடுக்கு கருகிவிட்டது. கிளெய்ம் ஃபார்மை யாரோ நிரப்பினார்கள். காரணம் என்ற இடத்தில் 'ஸ்பான்டேனியஸ் கம்பஸ்ஷன்', அதாவது தானாகவே பற்றிக்கொள்வது. அவரிடம் இருந்ததோ பழைய 'ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ்' பாலிசி. சரக்கு தானே புளித்தோ, சூடேறியோ, பற்றிக்கொண்டோ கெட்டால் அதில் பணம் கிடையாது. கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்த்திருக்கணும். ஒரு ரூபாய்கூட வரல. அந்த பிரீமியத்தைச் செலவுக் கணக்கில் எழுதினது நான்தான். பாலிசியைத் திறந்து படிக்காததும் நான்தான்.

இந்த வார்த்தைச் சண்டை புதுசு இல்லை. லண்டனில் ஒரு சர்க்கரை ஆலை. புகைபோக்கியின் மூடியைத் திறக்க ஆள் மறந்துவிட, சூடும் புகையும் மேல்மாடிகளில் ஏறி சர்க்கரையைக் கெடுத்துவிட்டது. அடுப்பைத் தாண்டி எதுவும் பற்றவில்லை, அதனால் இது 'ஃபயர்' நஷ்டமே இல்லை என்று 1816-ல் தீர்ப்பு. ஆஸ்டின் எதிர் ட்ரூ வழக்கு என்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கு. மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை வைத்திருக்கும் மாவட்டத்துக்காரனான எனக்கு இது மறக்கவே மாட்டேங்குது.

கல்வராயன் மலைக்காரங்க இதைக் கவனிங்க. அதே பழைய பாலிசியில் 'புஷ் ஃபயர்' உண்டு, 'ஃபாரஸ்ட் ஃபயர்' கிடையாது. வெள்ளிமலையில் கோடையில் சரிவு பற்றி எரியும்போது, இது புதரா காடா என்று யார் நின்று பார்ப்பாங்க?

2021 ஏப்ரல் 1-லிருந்து நிலைமை மாறியிருக்கு. வீட்டுக்கு 'பாரத் கிரஹ ரக்ஷா', ஒரே இடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள தொழிலுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. இரண்டிலும் புதர்த்தீ, காட்டுத்தீ இரண்டுமே சேர்ந்தே வருது. சூக்ஷ்மவில் சரக்கு தானே சூடேறிப் பற்றுவதும் உள்ளே வந்துவிட்டது. அரசு உத்தரவுப்படி எரிக்கப்பட்ட பொருளுக்கு மட்டும் இப்பவும் பணம் இல்லை. நல்ல மாற்றம்தான். ஆனா படிக்கிறவருக்குப் புரியாத மொழியில் கொடுத்த பாலிசியை நான் பாதி பாலிசின்னுதான் சொல்வேன். தமிழ் பிரதி கேளுங்க, கூச்சப்படாதீங்க.

இன்னொரு விஷயம், என் கிளையன்ட் பணம் கொடுத்துக் கற்றது. கிளெய்ம் ஃபார்மில் கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுங்க: எத்தனை மணிக்குப் புகை வந்தது, தீ தெரிஞ்சதா, எந்த மூட்டை, யார் தண்ணி ஊத்தினாங்க. எதையும் மறைக்க வேண்டாம். ஆனா புரியாத இங்கிலீஷ் காரணத்துக்குக் கீழே கையெழுத்து போடாதீங்க. காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் சர்வேயர் வர்றார்.

பீரோவில் இருக்கும் பாலிசியை இன்னைக்கு எடுத்து, மேலே என்ன பெயர் போட்டிருக்குன்னு பாருங்க. பழைய பெயர் இருந்தா, ரினீவலுக்கு முன்னாடியே ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போடுங்க.