வேலை முடிந்த வேளை: தவறவிட்ட அடிச்சுரம்

இம்முறை கிற்றார் பற்றி எழுதப் போகிறோம். தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவனுக்கு இது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

இங்கே வெஸ்ட் வின்ட்சரில் எமது மகள் பாடசாலையில் கிற்றார் பழகுகிறாள். ஒரு பழைய பாட்டின் முதற் கோர்ட்டை ஆசிரியர் வாசித்துக் காட்டி, அது எதுவென்று காதால் கண்டுபிடித்து வரச் சொன்னார். கோர்ட் என்பது சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது. மகள் அதைத் தொலைபேசியில் பதிவுசெய்து வந்தாள். இரவு வேலைக்குப் போகும் அவசரத்தில் கேட்டுவிட்டு, "ஏ மைனர், எழுது பிள்ளை" என்றோம்.

மறுநாள், "அப்பா, அரைவாசிதானாம் சரி" என்றாள். பிறகு இரண்டு நாள் எம்மிடம் ஒன்றுமே கேட்கவில்லை. பாடசாலை விஷயத்தில் அப்பாவைக் கேட்டுப் பயனில்லை என்று பிள்ளை நினைத்துவிட்டால், பிறகு எதற்குமே எம்மிடம் வரமாட்டாள். அந்தப் பயம் உங்களில் பலருக்கும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் இருந்து, காதுக்குள் வைக்கும் கருவியைப் போட்டு மறுபடி கேட்டோம். அடியில் எஃப் என்ற சுரம் தெளிவாக இருந்தது! தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அடிச்சுரம் சரியாக வராது. அதைத்தான் தவறவிட்டிருந்தோம்.

அந்தப் பாட்டு, பிரேசில் நாட்டு ஜோபிம் இசையமைத்து 1964இல் அமெரிக்காவெங்கும் பரவிய 'தி கேர்ள் ஃப்ரம் இபனேமா'. ஜாஸ் கலைஞர்கள் வைத்திருக்கும் புத்தகங்களில் அது எஃப் மேஜர் ஏழு என்ற கோர்ட்டில் தொடங்கும். எஃப், ஏ, சி, ஈ என்று நான்கு சுரங்கள். எஃப்பை 'ச' என்று வைத்தால், ச க ப நி. அந்தச் 'ச' கேட்காவிட்டால் மிஞ்சுவது ஏ, சி, ஈ. அது ஏ மைனரேதான்! எனவே எமது பதிலில் பிழையில்லை, குறைதான் இருந்தது.

ஊரில் அண்ணாமார் மூன்று கோர்ட்டை வைத்துக்கொண்டு விடியும்வரை பைலா வாசிப்பார்கள். அவை பெரும்பாலும் மூன்று சுரக் கோர்ட்டுகள். ஜாஸ் வழிவந்த பாட்டுகளிலோ நாலாவது, ஐந்தாவது சுரமும் சேரும். 1967இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் வாசித்த கோர்ட்டில், எங்கள் கணக்கில் சொன்னால் சாதாரண காந்தாரமும் அந்தர காந்தாரமும் ஒன்றாக ஒலிக்கும். எங்கள் நாட்டை ராகத்திலும் இதே இரண்டு சுரத்தானங்கள் வரும். முதலாவதை அங்கே ரிஷபம் என்பார்கள். ஆனால் அங்கே அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கே ஒரே அடியில் மோதும்.

நாம் கண்ட வழி இது. முதலில் அடிச்சுரத்தைப் பிடித்து வாயால் முணுமுணுங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும் சுரத்தைப் பிடியுங்கள். கடைசியில் நடுவில் உள்ளவற்றைத் தேடுங்கள். அடிச்சுரம் மாறினால் பெயரும் மாறும். சி, ஈ, ஜி, ஏ என்ற நான்கும் சேரும்போது அடியில் சி இருந்தால் சி ஆறு. அடியில் ஏ இருந்தால் ஏ மைனர் ஏழு.

பிழைத்தால் வெட்கப்பட வேண்டாம். பீற்றில்ஸ் குழுவினரின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' 1964இல் வந்தது. அதன் முதற் கோர்ட் எதுவென்று பல பத்தாண்டுகளாக வாதாடினார்கள். கனடாவின் டல்ஹௌசிப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுண் அந்த ஒலியைக் கணிதமுறையில் பிரித்து ஆராய்ந்து, கிற்றார்களோடு பியானோவும் கலந்திருக்கிறது என்றார். ஒரே ஒரு கோர்ட்டுக்கு இவ்வளவு பாடு!

எங்கள் காதும் வெறுங்காது அல்ல. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா 1980இல் எடுத்த 'மூடுபனி' படத்தில், இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' பாட்டின் கிற்றாரை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! இப்போது மகளும் நாமும் அதைத்தான் அடிச்சுரத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறோம். நேற்று அவள் தானாகவே வந்து, "அப்பா, இந்த இடத்தில் அடியில் என்ன?" என்று கேட்டாள். வேலைக்குப் போகப் பத்து நிமிடம் இருந்தது. இம்முறை அவசரப்படவில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.